இது வேறு நீட்

(நமது சங்கத்தின் சாரல் கால மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'நீட்' பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் செயலாளர், "சார், பரீட்சையைப் பற்றியா?" என்று பதறிவிட்டார். இது வேறு நீட். மாயா அருள்பிரகாசம் என்ற ஈழத் தமிழ்ப் பெண் 2008-இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம்.

மாயா 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். போர்ச் சூழலில் 1986-இல் அகதியாக லண்டனுக்கே திரும்பினார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ராப் பாடிப் புகழ்பெற்றார். படிப்பு, வேலை, பயிற்சி எதிலும் இல்லாத இளைஞர்களை பிரிட்டனில் 'நீட்' என்பார்கள். அதே எழுத்துகள்தான் நிறுவனத்தின் பெயரும்.

பால்டிமோர் நகரத்து இளம்பெண் ரை ரைக்கு அங்கே வாய்ப்புக் கொடுத்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' இசைத்தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட்டதும் நீட்தான். அந்தப் படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் 2009-இல் இரண்டு ஆஸ்கார், 2010-இல் இரண்டு கிராமி வாங்கினார். தமிழர் இசையைத் தமிழ்ப்பெண்ணின் நிறுவனம் வெளியிட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் நீட், இன்டர்ஸ்கோப் என்ற பெரிய கம்பெனியின் கீழ் இயங்கியது. எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால் கிளை அவருடையது, தலைமை அலுவலகம் வேறு. அதற்கும் 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1968-இல், சிகாகோவின் கர்டிஸ் மேஃபீல்டு என்ற கறுப்பினப் பாடகர் நண்பரோடு சேர்ந்து 'கர்டம்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1972-இல் அவருடைய 'சூப்பர் ஃப்ளை' ஃபங்க் இசைத்தட்டு அதில்தான் வந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நான் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு வில்லுப்பாட்டுக் கலைஞர் வந்தார். அவருடைய கேசட் குற்றாலம் சீசன் கடைகளில் பாடிக்கொண்டிருந்தது. "அடமானத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன். "என் பாட்டுதான் இருக்கு சார்" என்றார். ஒரே தடவை ரொக்கம் வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். கையில் நகல்கூட இல்லை. வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அது இன்னும் உறுத்துகிறது.

நம் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயருக்குக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். இன்று மன்னர் இல்லை, சட்டம் இருக்கிறது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்குரிய ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். ரொக்கம் இன்றைக்குச் செலவாகிவிடும். ராயல்டி, டெபாசிட் வட்டி மாதிரி. பாட்டு ஓடும்வரை வரும்.

நம் குடியிருப்பிலேயே செல்போனில் பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். சொந்தக் கம்பெனி பிறகு தொடங்கலாம். முதலில், யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முழுக்கப் படியுங்கள், நகல் வாங்குங்கள். புரியாவிட்டால் ஞாயிறு காலையில் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.