பணம் நம்முடையது, சாவி யாருடையது?

(திருச்செங்கோட்டில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிற விஷயம், இங்கிலாந்திலே சர்ச்சுப் பள்ளிக்கூடங்கள் சர்க்கார் பணத்தில் நடக்கும் சுயேச்சைப் பள்ளிக் கூட்டங்களில் போய்ச் சேருவதைப் பற்றியதாகும். திருச்செங்கோட்டுத் தறிக்காரனுக்கும் ரிக் வண்டிக்காரனுக்கும் சீமைப் பள்ளிக்கூடத்தோடு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பு நியாயமானதுதான். ஆனால் அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்தால்தான் சில சமயம் நம் வீட்டுக் கணக்கில் உள்ள ஓட்டை தெரியவருகிறது. அதற்காகவே ஒப்புக்கொண்டு வந்தேன்.

இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததில் பாதிரிமார்களே முந்தியவர்கள். 1811இலேயே அதற்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். சர்க்கார் 1833இல்தான் விழித்துக்கொண்டு, பள்ளிக் கட்டடங்களுக்கென்று 20,000 பவுன் கொடுத்தது. அன்று ஆரம்பித்தது இந்தச் சங்கதி. 1870இல் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சபைகள் பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று சட்டம் வந்தது. 1902இல் அந்தச் சபைகளை எடுத்துவிட்டு, ஊரார் கட்டும் வரிப் பணத்திலிருந்து சர்ச்சுப் பள்ளிகளுக்கும் கொடுக்கலாம் என்று இன்னொரு சட்டம் செய்தார்கள்.

அப்போது எதிர்த்தவர்கள் யார் தெரியுமா, தோழர்களே? நாஸ்திகர்கள் அல்ல. வேறு பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள்! "உன் மதத்தைச் சொல்லிக்கொடுக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று கேட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் வரி கொடுக்க மறுத்தார்கள். வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகி ஏலத்திற்குப் போயின. சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். பைபிளைக் கையில் வைத்திருந்தவனுக்கே அந்தக் கேள்வி தோன்றியதென்றால், நமக்கு ஏன் தோன்றக்கூடாது?

பிறகு 1944இல் ஒரு ராஜி செய்துகொண்டார்கள். கட்டடச் செலவில் ஒரு பங்கை சர்ச்சு போட்டால் நிர்வாகத்தில் அதற்கே பெரும்பான்மை. செலவு முழுவதையும் ஊராட்சி ஏற்றால் சர்ச்சுக்குக் குறைந்த இடம். அந்தப் பங்கு அன்று பாதி. பின்னால் தேய்ந்து தேய்ந்து நூற்றுக்குப் பத்து ஆகிவிட்டது. பத்து போட்டவனுக்குப் பெரும்பான்மை! இந்த வியாபாரம் நம் பக்கத்துப் பைனான்ஸ்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

இப்போது நடப்பது 2010ஆம் வருஷச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பதாகும். உள்ளூர்க் கவுன்சிலின் கையிலிருந்து பள்ளியை விடுவித்து, லண்டன் சர்க்காரே நேராகப் பணம் கொடுக்கிறது. பல பள்ளிகள் சேர்ந்து ஒரு டிரஸ்டுக்குள் போகின்றன. அந்த டிரஸ்டு கம்பெனிச் சட்டப்படி பதிவான ஒரு தரும ஸ்தாபனம். அதன் டைரக்டர்களை ஊர் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பெற்றோருக்கென்று இரண்டு இடமாவது இருக்க வேண்டும் என்பது விதி, அவ்வளவுதான். இன்று இங்கிலாந்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இவ்விதப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

ஒரு சர்ச்சுப் பள்ளி இந்த டிரஸ்டில் சேரும்போது என்ன ஆகிறது? பள்ளிக்கென்று தனியாக இருந்த சட்ட உயிர் போய்விடுகிறது. நாளைக்குப் பிடிக்கவில்லையென்றால் தானாக வெளியே வர முடியாது. தலைமை ஆசிரியரும் பெற்றோரும் இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிறார்கள். சர்ச்சு எதை விட்டுக்கொடுக்கிறது? நிலம் சர்ச்சுப் பேரிலேயே நிற்கிறது. பிஷப்பின் கல்விச் சபை சம்மதித்தால்தான் சேர்க்கையே நடக்கும். சர்ச்சைச் சேராத பள்ளிகளும் கலந்த டிரஸ்டாக இருந்தாலும், அதில் ஆள் போடும் பாத்தியதை சர்ச்சுக்கு எழுதிவைக்கப்படுகிறது. பள்ளியின் மத லட்சணமும் அப்படியே நிற்கிறது. ஆக எல்லோரும் ஏதோ ஒன்றை இழந்து சேருகிற கூட்டில், ஒன்றும் இழக்காமல் சேருகிறவர் ஒருவரே!

இன்னொரு வேடிக்கை. அந்த நாட்டில் சர்க்கார் பணம் வாங்கும் பள்ளிகளில் தினந்தோறும் கூட்டு ஜெபம் நடத்த வேண்டும் என்பது சட்டம். வேண்டாதவர்கள் கேட்டுக்கொண்டு பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகமாக வந்தால் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்திற்கு முதலிடம் கொடுக்கவும் பள்ளிக்கு உரிமை உண்டு. இதற்காகவே கடவுள் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பாதிரியாரிடம் கையெழுத்து வாங்குகிறார்களாம். பிள்ளைக்கு இடம் கிடைத்த மறுவாரம் பக்தியும் பறந்துவிடுகிறது. பகுத்தறிவுப் பிரசாரத்திற்கு நாம் இவ்வளவு கஷ்டப்படுகிறோம். அங்கே பள்ளி அட்மிஷனே அந்த வேலையைச் செய்கிறது!

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நம் நாட்டிலும் 1854ஆம் வருஷத்துக் கல்வி உத்தரவிலிருந்தே மானிய முறை வந்துவிட்டது. பாதிரிமார்கள் பள்ளி வைத்தார்கள். சர்க்கார் மானியம் கொடுத்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பறையன் பிள்ளை, சக்கிலி பிள்ளை என்று நம்மவர்கள் தெருவிலேயே விடாத காலத்தில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவர்கள் முன்னே நின்றார்கள். மதத்துக்கு ஆள் பிடிக்கத்தான் செய்தார்கள் என்று சொல்லட்டும். நீ எதற்காகவும் செய்யவில்லையே! இந்தத் திருச்செங்கோட்டு மலைக்கோவிலுக்கு எத்தனை நூற்றாண்டு மானியம், எத்தனை நிலம்! அந்த வருமானத்தில் ஒரு சேரிப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தோம் என்று அந்தக் காலத்து ஐயர்களோ பெரிய தனக்காரர்களோ சொல்ல முடியுமா? பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925இல் ஆசிரமம் வைத்த ராஜாஜி அவர்கள், 1953இல் பிள்ளைகள் அரைநாள் படித்தால் போதும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் போட்டதும், 1954இல் காமராஜர் வந்து அதை எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். ஆகையால் பாதிரிப் பள்ளியைக் குறைசொல்லும் யோக்கியதை இங்கே எல்லோருக்கும் கிடையாது.

ஆனால் நன்றி வேறு, கணக்கு வேறு. இன்று உதவி பெறும் பள்ளியில் நடப்பது என்ன? அனுமதிக்கப்பட்ட இடத்து ஆசிரியருக்குச் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. ஆளைப் பொறுக்குவது மட்டும் நிர்வாகம். தறிக்காரத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பாவும் ஊடையும் நாம் கொடுக்கிறோம், கூலியும் கரண்டு பில்லும் நாம் கட்டுகிறோம், தறியில் யார் உட்காருவது என்று மட்டும் வேறொருவர் சொல்கிறார்.

என் தங்கை மகள் பி.எட். படித்தவள். ஒரு உதவி பெறும் பள்ளியில் இடம் காலியென்று கேள்விப்பட்டுப் போனோம். மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். அப்புறம் "கட்டட நிதி" என்று பேச்சு எடுத்து 15 லட்சம் என்றார்கள். என் தங்கை, "கட்டடம் நல்லாத்தானுங்களே இருக்குது" என்றாள். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அது பாதிரியார் பள்ளியா, நம்மவர் சாதிச் சங்கப் பள்ளியா என்று கேட்காதீர்கள். இரண்டிலும் இது நடக்கக்கூடியது என்பதால்தான் நீங்கள் கேட்கிறீர்கள்!

சிறுபான்மையோருக்குப் பள்ளி அமைத்து நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு கொடுக்கிறது. பெருங்கூட்டத்துக்கு நடுவில் சிறு கூட்டம் வாழ அது தேவைதான். ஆனால் 1958இல் கேரளக் கல்வி மசோதா வழக்கிலே சுப்ரீம் கோர்ட்டே, நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமையல்ல என்று சொல்லியிருக்கிறது. பின்னால் என்ன ஆயிற்று? கல்லூரி, பள்ளிகளில் பிற்பட்டவர்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் இடம் ஒதுக்க வழிசெய்த 15(5) பிரிவில், சிறுபான்மை ஸ்தாபனங்களுக்கு விலக்கு. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியைக்கூடக் கட்டாது என்று 2014இல் தீர்ப்பு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். வடக்கன்குளம் கோவிலுக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பி வைத்திருந்த சரித்திரம் நமக்குத் தெரியும். ஆகவே, சிறுபான்மை உரிமை என்பது அந்தச் சிறுபான்மைக்குள்ளே யாருடைய உரிமை என்று கேட்கவேண்டியவன் முதலாவதாக அந்தக் கிறிஸ்தவத் தோழனே.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இந்துமத வெறியர்கள் கிறிஸ்தவப் பள்ளிகளை மிரட்டும் காலத்தில் இப்படிப் பேசலாமா?" என்று. நல்ல கேள்வி. அந்த மிரட்டல்காரர்கள் சாவியைப் பறிப்பது ஜனங்களிடம் கொடுப்பதற்கல்ல, தங்கள் புரோகிதரிடம் கொடுப்பதற்கு. ஜெபத்தை நிறுத்திவிட்டுச் சரஸ்வதி பூஜையை வைப்பார்கள். அவர்கள் ஒரு பள்ளிவாசலில் வந்து நின்றால் நாம் அந்தக் கன்னியாஸ்திரீ பக்கம் நிற்போம். அவர்கள் போன பிறகு, "அம்மா, ஆசிரியர் நியமனக் கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்போம். அதே கேள்வியைச் சாதிச் சங்கப் பள்ளியிலும், கோவில் நடத்தும் பள்ளியிலும் கேட்போம்.

எப்படிக் கேட்பது? உங்கள் ஊர்ச் சர்க்கார் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிக்குப் பெண்கள் இருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு யோசனை மட்டும் சொல்லலாம் என்று 2012இல் திருத்திவிட்டார்கள். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. சர்க்கார் பணத்தைப் பெருமளவில் வாங்கும் கல்வி ஸ்தாபனம் தகவல் உரிமைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டது என்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். எத்தனை இடம், யார் யாரை எந்த முறையில் போட்டீர்கள், எத்தனை பேர் மனுப் போட்டார்கள், எவ்வளவு சம்பளம் கஜானாவிலிருந்து வந்தது என்று எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள். மேடைக்குப் பின்னால் இரண்டு தோழர்கள் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.