கண்ணாடித் தொட்டியில் எல்லைப் போர்

மீன் என்றவுடன் புதுச்சேரிவாசிகளாகிய நம் நினைவு கடலுக்கும் அங்காடிக்குமே செல்லும். ஆயினும், கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போரும் இந்நகரில் உளர். நெடுநாளாகத் தொட்டி மீன்களோடு பழகிவரும் என்னிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, பெரிய மீன் இரண்டை ஒன்றாக விட்டேன், ஒன்று மற்றதைக் கடித்துக் குதறுகிறது. என்ன செய்வது?"

பசிதான் காரணமென்று எண்ணி இரையை அள்ளிப் போடுவோர் உண்டு. அதனால் நீர் கெடுமேயன்றிச் சண்டை தீராது. சண்டைக்கு முதற்காரணம் இடம். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் முதலியன சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமக்கென ஓர் எல்லை வகுத்துக்கொள்வதும், முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பதும் இவற்றின் இயல்பு. நம் கழிமுகங்களில் வாழும் கரிமீனும் இக்குடும்பத்ததே. அதன் பேரினத்துக்கு எட்ரோப்ளஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் குவியே. 1816-இல் புதுச்சேரிக்கு வந்த இயற்கையறிஞர் லெஷனோ இங்கிருந்து பாரிசுக்கு அனுப்பிய மீன்கள், குவியேயும் வலென்சியேனும் 1828 முதல் வெளியிட்ட பெருநூலுக்குத் துணை செய்தன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

ஆற்றில் தோற்ற மீன் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் ஓட இடம் ஏது? தோற்றது மீண்டும் மீண்டும் அடிபட்டு மடிகிறது. ஆகவே, முதல் மருந்து இடவசதி. ஆஸ்கார் 30 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடும். 6 அடி நீளமும், 2 அடி அகலமும், 2 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 680 லிட்டர் நீர் கொள்ளும். ஓர் இணைக்கு அது தக்கது. இரண்டாவது, மறைவிடம். பாறையும் மண்சட்டியும் வைத்து, ஒரு மீனின் பார்வையிலிருந்து மற்றது மறைய வழி செய்யுங்கள். மூன்றாவது, புதிய மீனை விடும்போது கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீனின் எல்லைக்கல் மறைந்துவிடும். இருவரும் புதுக்குடிகள் ஆகிவிடுவர். விளக்கை அணைத்தபின் விடுவது இன்னும் நன்று. இவ்வளவு செய்தும் செதில் உதிர்ந்து, துடுப்புக் கிழிந்து, மூலையில் ஒடுங்கும் மீனைக் கண்டால் தயங்காதீர்கள். அன்றே கண்ணாடித் தடுப்பு இட்டுப் பிரித்துவிடுங்கள்.

தடுப்பைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரென்ஸ், விலங்குகளின் சண்டைக் குணம் பற்றி 1963-இல் ஒரு நூல் வெளியிட்டார். தடுப்புக்கு இருபுறமும் இணை இணையாக வாழ்ந்த சிக்லிட் மீன்களை அதில் அவர் விவரிக்கிறார். கண்ணாடியில் பாசி படிந்து அண்டைவீட்டுப் பகைவன் கண்ணுக்குத் தெரியாமற் போனதும், ஆண்மீன் தன் துணையையே தாக்கத் தொடங்கிற்று. பாசியைத் துடைத்தவுடன் இல்லறம் மீண்டும் அமைதி பெற்றது. அதன் சினத்துக்கு வெளியே ஓர் இலக்கு வேண்டியிருந்தது! ஆதலின், இணையாக வாழும் மீன்கள் திடீரெனப் பூசலிட்டால், அவற்றைச் சுற்றி என்ன மாறியது என்று முதலில் பாருங்கள்.

சில மீன்கள் எவரோடும் ஒத்துவாழா. முதிர்ந்த ஃபிளவர்ஹார்ன் பெரும்பாலும் தனிக்குடித்தனத்துக்கே உரியது. அதைத் தனியே வளர்ப்பது கொடுமையன்று. துணை சேர்ப்பதுதான் கொடுமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடங்காத மீனை ஊசுட்டேரியிலோ கோயிற் குளத்திலோ விட்டுவிட்டால் புண்ணியம் என்று கருதுவோர் உளர். தொட்டியில் ஒரு மீனைக் கொல்லும் சண்டைக்காரன், ஏரியில் பெருகினால் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சூறையாடுவான். தொட்டிப் போரை நாம் தடுப்பிட்டு நிறுத்தலாம். ஏரிக்கு நடுவே எவர் தடுப்பிடுவார்? வளர்க்க இயலாத மீனை, வாங்கிய கடையிலோ வளர்க்க வல்ல அன்பரிடமோ ஒப்படையுங்கள். வாங்குமுன்னரே, அது முழு வளர்ச்சியில் எத்தனை அங்குலம் ஆகும் என்று கேட்டறிந்துகொண்டால் இந்த நிலை வாராது.