ஒளியுலகின் தேவர்களும் ஓடும் ஆறும்



மேற்கு சிட்னியில் நம் அண்டை வீட்டாராக வாழும் ஒரு சமயத்தாரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பென்ரித் பக்கம் நேப்பியன் ஆற்றில் வெள்ளுடை தரித்து மூழ்கி எழுபவர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மாண்டேயர்கள். தென் ஈராக்கிலும் ஈரானின் கூசிஸ்தானிலும் ஆற்றங்கரைகளில் பன்னூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அவர்களது மறைமொழி அரமேயம்; எழுத்து அவர்களுக்கே உரியது.

அவர்கள் தொழும் கடவுள் பேருயிர். அந்தப் பேருயிரின் ஒளியுலகில் வாழும் தேவர்களை உத்ராக்கள் என்கிறார்கள். கின்ஸா ரப்பா என்னும் அவர்களது திருநூலில் உத்ராக்கள் எல்லோரும் ஒரே தன்மையர் அல்லர். ப்தாஹில் என்னும் உத்ரா இந்த மண்ணுலகைப் படைத்தார். அதில் குறை நேர்ந்தது. அவருடைய தந்தை அபாதூர் துலாக்கோலோடு அமர்ந்திருக்கிறார். இறந்தவரின் ஆன்மாவை அவர் ஷிதிலின் தூய ஆன்மாவோடு வைத்து நிறுக்கிறார். ஷிதில் யார்? ஆதாமின் மகன் சேத்! விவிலியத்தில் மனிதர்களாக வரும் ஆபேல், சேத், ஏனோஸ் மூவரும் இங்கே ஹிபில், ஷிதில், அனுஷ் என்னும் உத்ராக்கள். மனித குலத்துக்கு வழிகாட்டுபவர்கள்.

அரமேயம் பேசிய பிறரும் வானவரை வீட்டுக்குள் அழைத்தார்கள். ஈராக்கின் நிப்பூரில் மண்கிண்ணங்கள் பல கிடைத்தன. உள்ளே சுழல்சுழலாக மையில் எழுதிய காப்பு மந்திரங்கள். யூதர் எழுத்திலும் சிரியாக் எழுத்திலும் மாண்டேய எழுத்திலும் அவை உண்டு. காபிரியேல், மிக்காயேல் போன்ற வானவர் பெயர்கள் அவற்றில் வருகின்றன. தீய ஆவிகளை அடக்கக் கிண்ணங்களை வீட்டுத் தரையில் கவிழ்த்துப் புதைத்தார்கள். காக்கப்பட வேண்டியவரைத் தாயின் பெயரோடு குறித்தார்கள். மாண்டேயர் தம் சமயப் பெயரை இன்றும் தாயின் பெயரோடுதான் சொல்கிறார்கள்.

என் மனத்தில் நிலைத்தவர்கள் ஷில்மை, நித்பை என்னும் இருவர். அவர்கள் ஓடும் நீரின் காவலர்கள். திருமுழுக்கை நடத்தும் குருமார் அவர்கள் பெயரை ஓதுகிறார்கள். ஓடும் நீர் எதுவானாலும் மாண்டேயருக்கு அது யார்தனா; ஒளியுலகோடு தொடர்புடைய புனித ஆறு. 2003ஆம் ஆண்டுப் போருக்குப் பின் வன்முறைக்கு அஞ்சி அவர்களில் பெரும்பாலோர் ஈராக்கை விட்டு வெளியேறினார்கள். டைகிரிஸ் ஆற்றைப் பிரிந்தவர்களுக்கு நேப்பியன் யார்தனா ஆனது இப்படித்தான்.

ஆனால் ஆறு மட்டும் போதாது. ஓதக் கற்றவர் வேண்டும். 1831இல் காலரா அவர்களது குருமார் ஏறக்குறைய அனைவரையும் அழித்தது. குருமார் குடும்பங்களில் வந்த யஹ்யா பிஹ்ராமும் ராம் ஸிஹ்ரூனும் கற்றதைக் கொண்டு குருமரபை மீண்டும் நிறுவினார்கள். போரால் ஊரிழந்து இங்கே வந்த குடும்பங்கள் தமிழரான நம்மிடையேயும் உண்டு. கற்றவர் இருவர் எஞ்சினாலும் ஒரு மரபு எழும் என்பது நமக்கும் உரிய பாடம்.

நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவுக்கு மாண்டேயரை அழைப்போம். அவர்களது திருநாளுக்கு வாழ்த்தோடு செல்வோம்.