ஓர் அறை வேண்டும்



அமராவதி ஆற்றின் பாசனத்தில் நெல்லும் தென்னையும் செழித்து, விடியுமுன்னரே மில் வேன்களும் பனியன் கம்பெனி வண்டிகளும் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் இந்தக் கொமரலிங்கத்தில், நூலக விழா மேடையில் குடியைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வந்து, ஞாயிறு காலையில் அதில் பாதியைக் காணாத வீடுகளின் தாய்மார்கள் இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார்கள் ஆதலின், இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

மதுவிலக்குப் பேச்சு நம் பிராந்தியத்துக்குப் புதிதன்று. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் வீதிக்கு வந்து நின்றார்கள். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. பின்னர் சட்டங்கள் போயும் வந்தும் இருக்கின்றன. கடையை மூடுவதா திறப்பதா என்ற விவாதத்தில் நாம் செலவிட்ட சிரத்தையில் நூற்றிலொரு பங்கையேனும், ஏற்கெனவே அடிமைப்பட்டு, விட வேண்டுமென்று தவித்து, விட முடியாமல் நிற்கும் மனிதருக்காகச் செலவிட்டோமா என்பதே என் கேள்வி.

அவருக்கு உபதேசம் செய்கிறோம். கோயில் வாசலில் சத்தியம் வாங்குகிறோம். இரண்டும் பலிக்காதபோது, அவருக்குத் தெரியாமலே மருந்தைச் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்ற விளம்பரங்களை நம்பி மனைவிமார் மோசம் போகிறார்கள். தாய்மார்களிடம் வற்புறுத்திச் சொல்லுகிறேன்: குடியை நிறுத்துவதற்கான டைசல்ஃபிராம் என்னும் மருந்து வைத்தியரின் மேற்பார்வையில், சாப்பிடுகிறவரின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது, அதை உண்டது அறியாமல் ஒருவர் குடித்துவிட்டால், மது பாதி சிதைந்த நிலையில் ரத்தத்தில் நஞ்சாகத் தேங்கி, முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே அபாயம் நேரலாம். அவ்வாறே, வருஷக்கணக்கில் தினந்தோறும் குடித்தவர் வைராக்கியத்தால் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகக்கூடும் ஆகையால், முதற்படி ஆஸ்பத்திரியே.

ஆஸ்பத்திரி உடம்பைத் தேற்றி அனுப்பிய பிறகு, பழைய கூட்டாளிகள் காத்திருக்கும் அதே வீதிக்குத் திரும்புகிறவருக்கு யார் துணை? 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வந்து, வியாபார முயற்சி முறிந்து, மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சிய பில் வில்சன் என்னும் பங்குச் சந்தைக்காரர், தம்மைக் காத்துக்கொள்ளவே இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற சத்திர வைத்தியர். வில்சன் திருத்தச் சென்றவரல்லர், தம் கதையைச் சொல்லிப் பிழைக்கச் சென்றவர் என்பதில்தான் அவ்விருவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சகோதரத்துவத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1957-இல் டில்லியில் அது நம் தேசத்துக்கு வந்தது. விட வேண்டுமென்ற விருப்பத்தைத் தவிர வேறு தகுதி அங்கே கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. ஒருவர் ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தம் கதையைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிடாது கேட்கிறார்கள். ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்ற பிரதிக்ஞை இல்லை, இந்த 24 மணி நேரம் என்பதே அவர்கள் கணக்கு. இது வெறும் விசுவாசமன்று: 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் பரிசீலித்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, முறையாக இவ்வழிக்கு ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் குடியாதிருப்போர் இதர சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது.

பெயரை வெளியிடாமை இந்தச் சகோதரத்துவத்தின் ஆதாரக் கொள்கை. பட்டணத்தில் எளிதான அது இங்கே அரிது. மாமன், மச்சான், பங்காளி என்று முறை சொல்லி அழைக்காத வீடே இல்லாத ஊரில், ஐந்து பேர் ஓர் அறையில் கூடினால் ஆறாமவர் வாசலில் நின்று எண்ணுவார். பெண் பார்க்கப் போகுமிடத்தில் அந்த எண்ணிக்கை பேச்சில் வந்து விழும். டாஸ்மாக் வாசலில் நிற்கக் கூசாதவர், குடியை விடுவதற்குக் கூடுமிடத்துக்குப் போகக் கூசுகிறார் என்றால், அந்தச் சங்கோசத்தை அவருக்குக் கொடுத்தது ஊராகிய நாம். ஆகவே, தொடக்கத்தில் பஸ் ஏறி வெளியூர்க் கூட்டத்துக்குப் போகிறவரை ஓடி ஒளிகிறார் என்று நான் கருதமாட்டேன், அது விவேகம். எங்கே கூடுகிறார்கள் என்பதை அரசு ஆஸ்பத்திரி மனநல வைத்தியரிடம் கேட்கலாம். போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலும், மனநலத்துக்கான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

குடிநோயிலிருந்து மீட்கும் முயற்சி கிராமத்தில் நடவாது என்பாருக்கு ஒன்று சொல்வேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் தொடங்கிய, குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி.கே. ஸ்தாபனம், திருவாரூர் ஜில்லாவின் மஞ்சக்குடிக்கே சிகிச்சை முகாமைக் கொண்டுபோயிற்று.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இங்கேயும் நடக்க, இந்த ஊரிடம் நான் வேண்டுவது ஓர் அறை; ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம், சில நாற்காலிகள், வாசலில் வேடிக்கை பார்ப்பவர் எவருமின்மை. பக்கத்தில் இன்னோர் அறை இருந்தால், குடிநோயாளிகளின் மனைவிமாரும் மக்களும் கூடும் அல்-அனான் குழுவுக்கு, அதாவது 1951-இல் அவர்களுக்கென்றே தனியே தோன்றிய அமைப்புக்கு, அதையும் கொடுங்கள். நன்கொடை திரட்ட வேண்டாம். வெளியாரிடம் பணம் பெறுவதில்லை என்பது அவர்கள் மரபு. தங்களுக்குள் உண்டி வைத்துச் சேர்த்த பணத்தில் அறைக்கு வாடகை நீட்டுவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.