பையின் பின்னத்தில் பகா எண்கள்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கணக்கு என்றதும் சிலர் காபிக்கு எழுந்திருப்பது தெரிகிறது. பயப்படவேண்டாம், கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது பை: 3.14159265... இதில் 3-ஐத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சமுள்ள 0.14159265-ஆல் ஒன்றை வகுத்தால் 7.0625 வரும். 7-ஐ எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தால் மறுபடி ஒன்றை வகுங்கள். இப்படியே போனால் கிடைக்கும் வரிசை 3, 7, 15, 1, 292, 1, 1, 1, 2, 1, 3, 1, 14... இதைத்தான் பையின் தொடர் பின்னம் என்கிறார்கள்.

எங்கே நிறுத்துகிறோமோ அங்கே ஒரு பின்னம் கிடைக்கும். 7-இல் நிறுத்தினால், பள்ளியில் படித்த 22/7. 292-க்கு முன்னால் நிறுத்தினால் 355/113. அடுத்து வருவது அவ்வளவு பெரிய எண் என்பதால்தான் இந்தப் பின்னம் பைக்கு அத்தனை நெருக்கம். ஆறு தசம ஸ்தானம் வரை சரியாக இருக்கும். (113355 என்று எழுதி நடுவில் வெட்டினால் மறக்கவே மறக்காது.) நம் ராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழில், இதைக் கொண்டு வட்டத்துக்குச் சமமான சதுரம் வரையும் முறையைக் கொடுத்தார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றாலும், சதுரத்தின் பக்கம் சுமார் ஓர் அங்குலம்தான் கூடுமாம்!

இனி பகா எண்களுக்கு வருவோம். 113 பகா எண். அடுத்த பின்னமான 103993/33102-இல் மேலே இருப்பதும் பகா எண்தான். வரிசையிலேயே 3, 7, 2 எல்லாம் வருகின்றன. முதல் 3-இலிருந்து எண்ணினால் 28-ஆவது இடத்தில் 13 வந்துவிடுகிறது. சின்னஞ்சிறு 5-ஓ 40-ஆவது இடம் வரை தலைகாட்டுவதில்லை!

மடக்கைக் கணக்கில் வரும் 'ஈ' (2.71828...) ரொம்ப சாது. இதே வேலையை அதற்குச் செய்தால் 2, 1, 2, 1, 1, 4, 1, 1, 6, 1, 1, 8 என்றே போகும். ஆய்லர் 1737-இல் கண்ட ஒழுங்கு இது. ஒன்றுகளும், ஏறிக்கொண்டே போகும் இரட்டை எண்களும் மட்டுமே. ஆகவே பகா எண் என்று வருவது 2 ஒன்றுதான், அதுவும் இரண்டே தடவை.

பைக்கு அப்படித் தீர்ப்புச் சொல்ல இதுவரை ஒருவராலும் முடியவில்லை. ஏறக்குறைய எல்லா எண்களின் வரிசையிலும் சுமார் 17 சதவீத இடங்களில் 2 இருக்கும் என்று தேற்றம் உண்டு. பை அதற்கு உட்பட்டதா, நிரூபணமில்லை. கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கான இடங்களைக் கண்டாயிற்று; ஆனாலும் பகா எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்று கேட்டால் பதில் கிடையாது.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கால்குலேட்டரில் 3.141592654 என்று தட்டி ஆரம்பித்தால், ஐந்தாவதாக 292-க்குப் பதில் 293 வரும். கடைசி இலக்கத்தைச் சற்றே கூட்டி முழுமையாக்கியதன் விளைவு அது. 293 பகா எண் வேறு! குழந்தைகள் அதைப் பட்டியலில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.