இறகால் அறியும் மலைநாட்டுப் பறவைகள்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே பறவையின் இறகைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நாம் வணங்கும் முருகனுக்கு மயில் ஊர்தி; சேவல் கொடி. மயிலிறகு இல்லாத காவடியும் உண்டோ? ஆகவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று. லயத்து வாசலிலும் தேயிலை மலையிலும் விழுந்து கிடக்கும் ஓர் இறகைக் கொண்டு அதற்குரிய பறவையை அறிவது எப்படி என்பதையே இன்று சொல்ல எண்ணுகிறோம்.

இத்துறையில் தமிழ் வறிய மொழியன்று. உடலைப் போர்த்தும் மெல்லிறகு தூவி. மயிலின் நெடிய இறகு பீலி. அவை சேர்ந்து விரிந்தால் தோகை. பீலி என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைதான் நினைவுக்கு வரும். பழந்தமிழ்ப் புலவர்களோ மயிலிறகை அப்பெயரால் அழைத்தனர். அன்னத்தின் தூவி இட்ட மெத்தையையும் பாடினர். இறகுகளின் தொழில் வேறு வேறு. பெயர்களும் வேறு வேறாயின.

இறகு ஒன்று கிடைத்தால் "எந்தப் பறவை?" என்று கேட்பதற்கு முன், "உடம்பில் எந்த இடம்?" என்று கேட்க வேண்டும். நடுத்தண்டின் இரு பக்கங்களையும் பாருங்கள். ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றிருந்தால் பெரும்பாலும் அது சிறகின் பறப்பிறகு. ஒடுங்கிய பக்கமே காற்றைக் கிழித்துச் செல்லும் முன்பக்கம். இரு பக்கமும் சமமாய், நீண்டு நேராக இருந்தால் வாலின் நடு இறகு ஆகலாம். சிறிதாய் வளைந்து அடியில் பஞ்சுபோல் இருப்பது உடலை மூடியது. முன்விளிம்பிலே சீப்பின் பல்லைப் போன்ற நுண்வரிசை தெரிந்தால் ஆந்தையை நினைக்கலாம். இரவில் ஓசையின்றிப் பறக்க அந்தச் சீப்பு அதற்குத் துணை.

அடுத்தது நிறம். கருமையும் கபிலமும் மெலனின் என்னும் பொருளால் வருவன. மஞ்சளும் சிவப்பும் பல பறவைகளில் உண்ணும் உணவிலிருந்து சேர்வன. நீலமோ பெரும்பாலும் சாயமே அன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாகும் தோற்றம். நீல இறகை ஒளிக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நீலம் மறைந்து மங்கல் நிறமே தெரியும்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். உலகில் வேறெங்கும் இல்லாது இலங்கைக்கே உரிய பறவையினங்கள் 30க்கு மேல் உண்டு. அவற்றுட் சில இந்த மலைநாட்டையே வீடாகக் கொண்டவை. நாடெங்கும் அறிந்த காட்டுக்கோழியை முதலில் எடுப்போம். அது நமது தேசியப் பறவை. வீட்டுச் சேவலின் கரிய வாலிறகில் பச்சை மினுக்கம் காணப்படும். காட்டுச் சேவலின் வாலிலும் சிறகிலும் ஊதா மினுக்கம். அதன் செங்கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டும் உண்டு.

புறாக்களைப் பாருங்கள். தோட்டத்துப் புள்ளிப்புறாவுக்கும் மலைக்காட்டின் இலங்கை மலைப்புறாவுக்கும் கழுத்தின் பின்புறம் கறுப்பும் வெள்ளையும் கலந்த கட்டம் உண்டு. ஆனால் புள்ளிப்புறாவின் ஓரவாலிறகு வெள்ளை நுனி உடையது. மலைப்புறாவின் வாலோ முழுவதும் கருஞ்சாம்பல். கழுத்து மயக்கியதை வால் தெளிவாக்கிவிடுகிறது. மலையோடைக் கரைகளில் ஒளிந்து வாழும் 'அரெங்கா' என்னும் சீழ்க்கைக்குருவியில் ஆண் கருமை, பெண் கபிலம். ஆயினும் இரண்டின் தோளிலும் ஒளிரும் நீலத்திட்டு ஒன்றே.

விருந்தாளிகளும் உண்டு. ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் ஆறுமணிக்குருவிக்குப் பச்சை முதுகு, கருஞ்சிறகில் வெள்ளைத் திட்டு, வாலடியில் சிவப்பு. காஷ்மீரத்தில் கூடு கட்டும் செங்கழுத்து ஈப்பிடிப்பான் குளிர்காலத்தை நுவரெலியா விக்டோரியா பூங்காவில் கழிக்கிறது.

ஓர் இறகை மட்டும் கண்டு முடிவு கட்டிவிடலாகாது. ஆணும் பெண்ணும் குஞ்சும் வேறுபடும். வெயிலில் நிறம் வெளுக்கும். இடம், உயரம், மாதம் மூன்றையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

இஃது வெறும் பொழுதுபோக்கும் அன்று. 1960 அக்டோபர் 4ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்து 62 பேர் மாண்டனர். இயந்திரங்களில் சிக்கிய இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் அரும்பொருட்சாலையின் ரொக்சி லேபோர்ன் அம்மையார் ஆராய்ந்து, அவை மைனாவின் இனத்ததாகிய ஸ்டார்லிங் பறவையினவை என்று கண்டார். விமானங்களைப் பறவை மோதலிலிருந்து காக்கும் ஆராய்ச்சிக்கு அது வழி திறந்தது. இந்தியாவிலும் 2021இல் இறகு நூலகம் ஒன்று தொடங்கப்பெற்று, பறவைகளின் இறகுகள் அளந்து பதியப்பட்டு வருகின்றன.

இளைஞர்களே, இங்கு நம்மைச் சார்ந்த சேதி ஒன்று உண்டு. காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இம்மலைகளின் காடு அழிந்தபோது, துரைமாரின் ஆணைப்படி கோடரி பிடித்த கைகளில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. அரெங்காவின் அறிவியற் பெயர் சாமுவேல் பிளை என்னும் காப்பித் தோட்டத் துரையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அதே ஓடையில் தண்ணீர் மொண்டவர்களின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. 1948இல் குடியுரிமை இழந்த நம் மக்களுக்கு, எஞ்சியோர்க்கும் அதனை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. சட்டம் தந்த உரிமை ஏட்டில் உள்ளது. மண்ணை அறிந்து, அதன் உயிர்களைப் பெயர் சொல்லி அழைத்துக் காப்பதால் வரும் உரிமையை எவரும் தர வேண்டியதில்லை. நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

தேயிலைத் தோட்டத்திலே பிறந்த ஜி. எம். ஹென்றி, தாமே படம் வரைந்து இலங்கைப் பறவைகளுக்கு ஒரு கைநூலை 1955இல் வெளியிட்டார். அவருக்கு அமைந்த மலையும் மரமுமே நமக்கும் அமைந்திருக்கின்றன. ஆகையால் சங்கத்தில் ஒரு குறிப்பேடு திறப்போம். இறகைக் கண்டவர் அதன் நீளத்தை அளந்து, படம் வரைந்து, இடமும் நாளும் எழுதட்டும்; இறகை அங்கேயே விட்டுவிடட்டும். தாத்தாவும் பாட்டியும் அப்பறவைக்குச் சொல்லும் பெயரைக் கேட்டுப் பக்கத்தில் எழுதட்டும். பெரியோர்களே, அந்தப் பெயர்கள் உங்களிடமே உள்ளன, தயங்காது சொல்லுங்கள். இறகுக்காகக் கவண் எடுப்பது மட்டும் கூடாது. பறவைகளைக் காக்க 1937ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் உண்டு; நம் சமயம் சொல்லும் கொல்லாமை அதனினும் பழையது.

அடுத்த ஆண்டு விழாவுக்குள் அந்த ஏட்டில் ஐம்பது பறவைகளாவது ஏறட்டும் என்று வேண்டுகிறோம்.