எட்டு வருஷம் அலமாரியில் கிடந்த நீராவி எஞ்சின்

போன எபிசோடில் நான் இங்கே யார்க்‌ஷரில் பார்த்த தோட்டத்து ரயில்களைப் பற்றிப் பேசினேன். அதுக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "பொம்மை ரயிலுக்கு எதுக்குப்பா சர்வீஸ்?" நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு முழுக்க ரிப்பேர் கதைதான்.

முதல்ல அளவைச் சொல்லிடறேன். இங்கிலாந்தில் தோட்டத்தில் ஓட்டுறவங்க நிறைய பேர் வெச்சிருக்கறது 16 எம்.எம். ஸ்கேல். நிஜத்தில் ஒரு அடி இருந்தா மாடலில் 16 மில்லிமீட்டர். அப்போ வேல்ஸ் மலைப் பக்கம் ஓடுற இரண்டடி அகல தண்டவாளம் இங்கே 32 மில்லிமீட்டர் ஆகுது. நம்ம ஊர் டார்ஜிலிங் ரயிலும் அதே இரண்டடி அகலம்தான், அதுக்கும் இந்த ஸ்கேலில் மாடல் இருக்கு. எஞ்சின் கையில் தூக்குற சைஸ். ஆனா உள்ளே இருக்கறது செம்பு பாய்லர், தண்ணி, கேஸ் நெருப்பு, பிஸ்டன். மோட்டாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. சில பேர் ரிமோட் வைப்பாங்க, அது நீராவியைத் திறந்து மூடவும் ஓடுற திசையை மாத்தவும்தான்.

வீட்டு பிரஷர் குக்கரை நினைச்சுக்கோங்க. அது சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் விசில் அடிக்கும். இந்தக் குட்டி எஞ்சினில் சேஃப்டி வால்வ் திறக்கிறது பொதுவா 40 பி.எஸ்.ஐ.யில். உள்ளே வெப்பம் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டி இருக்கும். இதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

எங்க தெருவில் ஒரு அம்மா இருக்காங்க, எழுபதைத் தாண்டினவங்க. அவங்க கணவர் இறந்து எட்டு வருஷம். அவர் வெச்சிருந்த எஞ்சின் அலமாரியில் அப்படியே இருந்துச்சு. விற்கலாம்னு முடிவு பண்ணினாங்க. வாங்க வர்றவர் சனிக்கிழமை வரார், ஓடுறதைக் காட்டினா விலை கூடும். சொந்தக்காரப் பையன் ஒருத்தன், "தண்ணி ஊத்தி பத்த வெச்சுப் பார்த்துடலாமே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவங்க என்னைக் கேட்டாங்க. நான் கிளப்பில் எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போனேன். அவர் எஞ்சினைப் பார்த்துட்டு முதல்ல சொன்னது, "தீப்பெட்டியை அந்தப் பக்கம் வைங்க."

ஏன்னா, எட்டு வருஷம் சும்மா இருந்த எஞ்சினில் முதல்ல நம்பக் கூடாதது சேஃப்டி வால்வ்தான். உள்ளே ஒரு குட்டி ஸ்ப்ரிங் இருக்கும். உப்புப் படிஞ்சு, அது உட்கார்ந்த இடத்திலேயே ஒட்டியிருக்கலாம். அடுத்து ரப்பர் ஓ-ரிங்குகள். குக்கர் காஸ்கெட்டை ரொம்ப நாள் விட்டா விறைச்சுப் போகும்ல, அதே கதை. பிரஷர் மீட்டர் முள் சரியா காட்டுதான்னும் தெரியாது. வால்வும் பொய், மீட்டரும் பொய்னா நீங்க கண்ணை மூடிக்கிட்டு பாய்லரைச் சூடாக்கறீங்கன்னு அர்த்தம். மானிட்டரிங்கும் இல்லாம ரோல்பேக்கும் இல்லாம புரொடக்‌ஷனில் தள்ளுற மாதிரி.

அதனால தண்ணி டெஸ்ட். எனக்கு இந்த ஹாபியில் ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். பாய்லரில் காத்து ஒரு குமிழி கூட இல்லாம தண்ணியை நிரப்பணும். சேஃப்டி வால்வைக் கழட்டி அந்த ஓட்டையை அடைக்கணும். கைப் பம்பால, ஓடுற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏத்தணும். 40க்கு 60. சரியான மீட்டர்னு தெரிஞ்ச வேற ஒண்ணை மாட்டிப் பார்க்கணும். ஏன் காத்தால டெஸ்ட் பண்ணக் கூடாது? காத்தை அமுக்கினா அது சுருங்கி, சக்தியைச் சேர்த்து வெச்சுக்கும். பாய்லர் விட்டுக்கொடுத்தா அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும். தண்ணி அமுக்கினா சுருங்கவே சுருங்காதுன்னு வெச்சுக்கலாம். கிழிஞ்சா ஒரு சொட்டு வழியும், முள் இறங்கும், அவ்வளவுதான்.

60க்கு ஏத்தினோம். முள் மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. அந்த அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கசிவு எங்கேங்கறதுதான் இப்போ எல்லாமே. பாய்லரை வெள்ளிப் பற்று வெச்சு ஒட்டின மூட்டில் கசிஞ்சா, விற்பனை அங்கேயே முடிஞ்சுது. பலர் இந்த இடத்தில் ஈயப்பற்று வெச்சு அடைச்சிடலாம்னு நினைப்பாங்க. சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிச்சிடும். தண்ணி தீர்ந்து பாய்லர் காய்ஞ்சா அந்த வெப்பத்தைத் தாண்ட நேரமே ஆகாது. அதைவிட மோசம், ஈயம் ஒரு தடவை பட்ட இடத்தில் அப்புறம் வெள்ளிப் பற்று சரியா பிடிக்காது. அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, சரி பண்ற வழியையே அடைச்சிடும்.

பெரியவர் டிஷ்யூ பேப்பரை வெச்சு ஒவ்வொரு இடமா ஒத்தி எடுத்தார். மூட்டு எல்லாம் காய்ஞ்சு இருந்துச்சு. ஈரம் வந்தது ரெகுலேட்டரைத் திருகி மாட்டுற இடத்தில். புது ஓ-ரிங் போட்டோம். மறுபடி 60. முள் நின்னுச்சு.

மீதி வேலை சந்தோஷமான வேலை. இந்த எஞ்சினில் எண்ணெய் போடுற டப்பா ஒண்ணு இருக்கு, அதில் பம்பே கிடையாது. நீராவி கொஞ்சம் உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணியாகும். தண்ணி கனம், அடியில் தங்கும். அது சேரச் சேர எண்ணெய் மேலே ஏறி, நீராவிக் குழாய்க்குள்ள போய் சிலிண்டருக்குப் போயிடும். யாரோ யோசிச்சிருக்காங்க பாருங்க! ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் அந்தத் தண்ணியை வெளியே எடுத்துட்டு, நீராவிக்குன்னே வர்ற கெட்டி எண்ணெயை ஊத்தணும். பைக் ஆயில் ஊத்தாதீங்க, நீராவியில் நிக்காது. நாங்க திறந்தப்போ உள்ளே மோர் மாதிரி ஒரு கலவை இருந்துச்சு.

கேஸ் ஜெட் ஓட்டை, தலைமுடி நுழையுற அளவு. அடைச்சிருந்தா ஊசி விடாதீங்க, ஓட்டை பெருசானா தீ கெட்டுப் போகும். தின்னரில் ஊற வெச்சு, எதிர்ப் பக்கத்திலிருந்து காத்து ஊதணும்.

அப்புறம் நெருப்பே இல்லாம, சின்ன கம்ப்ரஸர் காத்தில் சக்கரத்தைச் சுத்த விட்டோம். இரண்டு சிலிண்டர், ஒவ்வொண்ணும் இரண்டு பக்கமும் தள்ளும். அப்போ சக்கரம் ஒரு சுத்துக்கு நாலு சத்தம் வரணும். ஒரே தாளத்தில் வரலைன்னா வால்வ் டைமிங் நகர்ந்திருக்கு. எங்களுக்கு மூணு சரி, நாலாவது நொண்டிச்சு. ஒரு ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பினதும் சரியாச்சு. எல்லாத்தையும் காதால கண்டுபிடிச்சார் மனுஷன்.

சனிக்கிழமை ஓடிச்சு. முதல்ல புகைபோக்கியில் தண்ணியும் எண்ணெயும் துப்பும், வெள்ளைச் சட்டை போட்டுட்டு கிட்ட நிக்காதீங்க. அந்த அம்மா மூணு சுத்து பார்த்துட்டு டீ போட உள்ளே போயிட்டாங்க. எஞ்சினை வித்துட்டாங்க. டெஸ்ட் பண்ணின தேதியும் அழுத்தமும் எழுதின பேப்பரைப் பெட்டிக்குள்ள வெச்சுதான் கொடுத்தாங்க. பழைய எஞ்சின் வாங்கறவங்க பெயிண்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைக் கேளுங்க. இல்லைன்னா டெஸ்டுக்கான செலவைக் கழிச்சுதான் விலை பேசணும்.

கடைசியா ஒண்ணு, நிறைய பேர் கேட்டிருந்தீங்க: ஓட்டி முடிச்சதும் என்ன பண்றது? அழுத்தம் முழுக்க இறங்கின உடனே, சூடு இருக்கும்போதே பாய்லர் மூடியைத் திறந்து விடுங்க. மூடியே வெச்சா, குளிரக் குளிர உள்ளே வெற்றிடம் உண்டாகும். ரெகுலேட்டர் திறந்திருந்தா அந்த எண்ணெய் டப்பாவில் இருக்கறதை எல்லாம் பாய்லருக்குள்ள இழுத்துக்கும். அதைக் கழுவி எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போயிடும். அடுத்த எபிசோடில் தண்டவாளத்துக்கு வரேன், இலையுதிர் காலத்தில் அது ஒரு தனிப் போராட்டம்.